முதற்படி இல்லாத ஏணி

கார்ப் பந்தயத்தின் உச்சமாகிய ஃபார்முலா 1 போட்டியில் இன்று ஓட்டுபவர்களின் வாழ்க்கையைப் பின்னோக்கிப் பார்த்தால், ஏறத்தாழ எல்லோருடைய தொடக்கமும் சிறுவயதில், தரையை ஒட்டி ஓடும் கார்ட் என்னும் சிறிய திறந்த வண்டியில் அமைந்திருப்பதைக் காணலாம். அந்தப் போட்டியில் ஓட்டிய முதல் இந்தியரான கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் இதற்கு விலக்கு. அவர் சிறுவராயிருந்த 1980-களில் இந்தியாவில் கார்ட் பந்தயம் வேரூன்றியிருக்கவில்லை என்பதால், ஏணியின் முதற்படியில் கால் வைக்காமலே அவர் ஏற வேண்டியிருந்தது. அவர் எட்டிய உயரத்தையும் எட்டாமல் நின்ற இடத்தையும் விளங்கிக்கொள்ள, விடுபட்ட அந்தப் படி எத்தகையது என்பதை முதலில் அறிய வேண்டும்.

1956-இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், புல்வெட்டும் இயந்திரத்துக்கான எஞ்சினை ஒரு குழாய்ச் சட்டத்தில் பொருத்திச் செய்த வண்டியே முதல் கார்ட். அதில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே தண்டில் இறுகப் பூட்டப்பட்டிருப்பதால், வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தை வேகமாகவும் உள்பக்கச் சக்கரத்தை மெதுவாகவும் சுழலவிடும் டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கர அமைப்புக்கும் இடமில்லை. சேற்றுழவில் ஒரு சக்கரம் வழுக்கினால் டிராக்டரின் டிஃபரன்ஷியல் லாக்கை மிதித்துக் கரையேறுவதும், அதை மிதித்தபடியே திருப்பினால் வண்டி திரும்ப மறுத்து நேராகவே இழுப்பதும் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து உழவர்கள் அறிந்தவை. கார்ட் என்பது அந்த லாக்கை எப்போதும் மிதித்தே வைத்திருக்கும் வண்டி. அப்படியிருந்தும் அது எவ்வாறு திரும்புகிறது என்பதில்தான் பயிற்சியின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முன்சக்கரங்களின் சாய்வமைப்பு சட்டத்தைச் சற்றே முறுக்க, ஓட்டுபவரின் எடையும் வெளிப்பக்கம் சாய, உள்பக்கப் பின்சக்கரம் ஒரு கணம் தரையைவிட்டு எழுகிறது. வண்டி மூன்று சக்கரங்களில் திரும்பி, எழுந்த சக்கரம் மறுபடி பதிந்ததும் பாய்கிறது. சக்கரம் எழாவிட்டால் வண்டி இழுபடும். அளவுக்கு மிஞ்சி எழுந்து நின்றால் வெளியேறும் வேகம் போய்விடும். இந்த அளவை இருக்கையின் வழியாக இடுப்பும் விலாவும்தான் உணர வேண்டும் என்பதால், விலாக்கவசம் கட்டிக்கொண்டு ஓட்டும் சிறுவன், மற்றவர்கள் இருபது வயதில் மூளையால் கற்பதைப் பன்னிரண்டு வயதுக்குள் உடம்பால் கற்றுவிடுகிறான்.

1977 ஜனவரி 14 அன்று பிறந்த நரேனுக்கு இந்த வாய்ப்பு இல்லாவிட்டாலும் வேறு இரண்டு கொடுப்பினைகள் இருந்தன. தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் ராலியில், அதாவது மூடிய தடத்தில் அல்லாமல் நெடும்பாதைகளில் நேரத்தைக் கணக்கிட்டு நடத்தப்படும் போட்டியில், தேசிய சாம்பியன். அதே ஊர்க்காரரான எஸ். கரிவர்தனோ, இறக்குமதிப் பந்தயக் கார் எட்டாக்கனியாயிருந்த காலத்தில், மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உள்ளூரிலேயே வடிவமைத்தவர். 1995-இல் விமான விபத்தில் மறைந்த கரிவர்தனுக்குக் கோவை செட்டிபாளையத்துத் தடம் பெயரளவில் நினைவுச் சின்னமாக நிற்கிறது என்றாலும், தென்னிந்தியப் பந்தயத்துக்கு அவர் செய்தது அதைவிடப் பெரிது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் அமைத்த தடத்தில் ஃபார்முலா மாருதியைக் கொண்டே நரேன் தம் முதல் போட்டியில் முதல் மூவருக்குள் வந்தார்.

பிறகு நடந்தது வெளிநாட்டில். 1992-இல் பிரான்ஸின் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளி, 1994-இல் பிரிட்டனின் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரில் பட்டம், 1996-இல் ஃபார்முலா ஆசியா சாம்பியன் பட்டம், அதன்பின் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 என்று படிப்படியாக ஏறியவர், 2001 ஜூனில் சில்வர்ஸ்டோன் தடத்தில் ஜாகுவார் அணியின் ஃபார்முலா 1 காரைச் சோதனைக்கு ஓட்டினார். போட்டியில் ஓட்ட மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின. 2005 மார்ச்சில் மெல்போர்னில் ஜோர்டன் அணிக்காக இறங்கியபோது, மழை குறுக்கிட்ட தகுதிச்சுற்றில் அவருக்குக் கிடைத்தது 12-ஆம் இடம். அவருக்கு அடுத்த இடத்தில் நின்ற ஃபெர்னாண்டோ அலோன்சோதான் அவ்வாண்டின் உலகச் சாம்பியன். அதே ஆண்டு ஜூனில் இண்டியானபோலிஸில், மிஷெலின் டயர்கள் பாதுகாப்பற்றவை என்று 14 கார்கள் விலகிக்கொள்ள, எஞ்சிய ஆறில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். எதிராளிகளே இல்லாத போட்டி என்று அந்தப் புள்ளிகளைக் குறைத்துப் பேசுவோர் உண்டு, பேசட்டும். ஆனால் அவருடைய திறமைக்குச் சான்று தேடுபவர் இண்டியானபோலிஸைவிட மெல்போர்ன் தகுதிச்சுற்றையே பார்க்க வேண்டும். 2011, 2012 ஆண்டுகளில் ஹெச்ஆர்டி அணியில் அவர் ஓட்டிய கார், தகுதிச்சுற்றின் முதற்கட்டத்தில் முதலிடம் பெற்றவரின் நேரத்தில் 107 விழுக்காட்டுக்குள் முடிக்க வேண்டும் என்ற விதியைத் தாண்டவே சில வேளைகளில் திணறியது.

அவருக்குப் பின் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010-இல் ஃபார்முலா 1-க்குச் சென்றார். அடுத்த தலைமுறைதான் முதற்படியிலிருந்து தொடங்கியது: 2011-இல் ஃபோர்ஸ் இந்தியா அணி நாடு முழுவதும் நடத்திய தேர்வில் கார்ட் ஓட்டிய சிறுவர்களான ஜெஹான் தாருவாலா, அர்ஜுன் மைனி ஆகியோர் தேர்வாயினர், அர்ஜுனின் தம்பி குஷ் மைனி 2025 மே மாதம் மொனாக்கோவில் ஃபார்முலா 2 போட்டி ஒன்றில் வென்றார். ஆனால் இதற்குள் ஏணியின் மேல்படி உயர்ந்துவிட்டது. கார்ட் உலகப் பட்டத்தோடு வந்து, ஒரே ஓர் ஆண்டு ஃபார்முலா 3 ஓட்டிய மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2015-இல் 17 வயதிலேயே ஃபார்முலா 1-இல் இறங்கத் தேர்வானதைக் கண்ட உலக மோட்டார் பந்தய அமைப்பு, 2016 முதல் சூப்பர் லைசென்ஸ் என்னும் உரிமத்துக்கு 18 வயதையும், மூன்றாண்டுகளில் கீழ்நிலைப் போட்டிகளில் ஈட்டிய 40 புள்ளிகளையும் பொதுவான தகுதியாக்கியது. ஃபார்முலா 2 சாம்பியனுக்கு 40 புள்ளிகளும் கிடைத்துவிடும். ஃபார்முலா 4 சாம்பியனுக்கோ 12 மட்டுமே.

காவிரி டெல்டாவிலிருந்து பார்த்தால் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. ஃபார்முலா 4-இல் ஓட்டக் குறைந்தது 15 வயது ஆக வேண்டும். அதற்குமுன் ஐந்தாறு ஆண்டு கார்ட் பழக்கம் வேண்டுமென்றால், கும்பகோணத்துச் சிறுவன் நான்காம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். செட்டிபாளையம், இருங்காட்டுக்கோட்டை ஆகிய இரு தடங்களும் 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன. செலவில் பெரும்பகுதி வண்டியின் விலையில் முடிந்துவிடுவதில்லை. டயர், எஞ்சின் பராமரிப்பு, பயணம் என்று ஒவ்வொரு போட்டிக்கும் அது திரும்பத் திரும்ப வருகிறது. வணிக வளாகங்களில் வாடகைக்குக் கிடைக்கும் கார்ட், சுற்றிலும் தடுப்புகளோடு கனமாகச் செய்யப்பட்டது. போட்டிக் கார்ட்டின் சட்டம் முறுகுவதை அதில் உணர முடியாது. எனவே பிள்ளைக்கு இதில் நாட்டம் உண்டா என்று பார்க்க விரும்பும் பெற்றோர், வண்டியை விலைக்கு வாங்குமுன், பயிற்சிப் பள்ளியின் போட்டிக் கார்ட்டில் சில நாட்கள் ஓட்டவைத்துப் பார்ப்பதே சிக்கனம்.