பாட்டு வலது காதில், டிரம்ஸ் இடது காதில்!

ரயிலில் ஜன்னலோர சீட். ஒரே ஒரு இயர்போன். இடது பக்கம் மனைவி காதில், வலது பக்கம் என் காதில். எதிர் சீட்டுப் பெரியவர் எங்களைப் புதுமணத் தம்பதி என்று நினைத்து லேசாகச் சிரித்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆச்சு சார்! இன்னொரு இயர்போனை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' போட்டேன். 1965-ல் வந்த ஆல்பம். நான் ரசித்துத் தலையாட்ட ஆரம்பித்தேன். மனைவி முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"ஏங்க, இவங்க பாடவே மாட்டாங்களா? டிரம்ஸும் கிடாருமாவே போகுது?"

"பாடிக்கிட்டுத்தானே இருக்காங்க! எனக்குத்தான் டிரம்ஸே சரியா கேட்கலை."

மாற்றி மாட்டிக்கொண்டோம். இப்போது அவளுக்குப் பாட்டு, எனக்கு டிரம்ஸ்!

இயர்போன் மேல் தப்பில்லை. பாட்டே அப்படித்தான். அன்றைக்கு லண்டன் அபே ரோட்டில் இருந்த ஈ.எம்.ஐ. ஸ்டூடியோவில் அவர்களுக்குக் கிடைத்தது நாலே நாலு டிராக். முக்கால்வாசிப் பேர் வீட்டில் ஒற்றை ஸ்பீக்கர்தான் என்பதால், மோனோவுக்குத்தான் மெனக்கெட்டார்கள். ஸ்டீரியோ எல்லாம் கடைசி நேர வேலை. கல்யாணப் பந்தியில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை மாதிரி, குரல்கள் வலப்பக்கம், வாத்தியங்கள் இடப்பக்கம்!

தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கே இதில் திருப்தியில்லை. 1987-ல் சி.டி.க்காக 'ஹெல்ப்!', 'ரப்பர் சோல்' இரண்டையும் மறுபடி மிக்ஸ் செய்தார். ஓரளவுக்குத்தான் முடிந்தது. காரணம், டிரம்ஸ், பேஸ், கிடார் எல்லாம் ஒரே டிராக்கில் ஏறியிருந்தன. கொதித்து இறக்கிய சாம்பாரிலிருந்து பருப்பை மட்டும் யாரால் திருப்பி எடுக்க முடியும்?

முடியும் என்றது கம்ப்யூட்டர். பீட்டர் ஜாக்சன் 2021-ல் வெளியிட்ட 'கெட் பேக்' ஆவணப்படத்துக்காக அவருடைய குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எது டிரம்ஸ், எது கிடார், எது குரல் என்று இயந்திரத்துக்குப் பழக்கிவிட்டால் அது தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்துவிடும். அதை வைத்து மார்ட்டினின் மகன் ஜைல்ஸ், 2022-ல் 'ரிவால்வர்' ஆல்பத்தைப் புதிதாக மிக்ஸ் செய்தார். 2023-ல் 'சிவப்பு ஆல்பம்' தொகுப்பு வந்தபோது 'ரப்பர் சோல்' பாட்டுகள் சிலவும் அதில் புது மெருகோடு இருந்தன. ருசி கண்ட ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? 'முழு ஆல்பமும் இப்படியே வேணும்' என்று ஆசைப்பட ஆரம்பித்தார்கள்.

அதே ரசிகர்களில் ஒரு பாதி, "வேண்டவே வேண்டாம், நாங்க கேட்டு வளர்ந்த பாட்டைத் தொடாதீங்க" என்கிறது. அந்தப் பயமும் நியாயம்தான். ஜான் லெனன் 1980-ல் போய்விட்டார், ஜார்ஜ் ஹாரிசன் 2001-ல். அந்த நாலு பேரும் சேர்ந்து மறுபடி பாடப் போவதில்லை. டேப்பில் இருப்பதுதான் மொத்தச் சொத்து.

நான் படித்தது பி.காம். அங்கே முதல் வருஷமே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். கணக்கில் தப்பு வந்தால் பழைய எண்ட்ரியை அழிக்கக் கூடாது. அதை அப்படியே விட்டுவிட்டு, திருத்தத்துக்குத் தனியாக ஒரு எண்ட்ரி போட வேண்டும். ரீமிக்ஸுக்கும் இதுதான் சட்டம் என்பேன். 2009-ல் பீட்டில்ஸ் மோனோ பெட்டியை வெளியிட்டபோது, 'ரப்பர் சோல்' மோனோவோடு 1965-ன் பழைய ஸ்டீரியோவையும் அதே சி.டி.யில் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். புதுசு எத்தனை வந்தாலும் பழசும் கிடைக்கட்டும். எது பிடிக்கிறதோ அதைக் கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவையும் நான் விளக்கி முடிப்பதற்குள் மனைவி என் போனை வாங்கி எதையோ தட்டினாள். செட்டிங்கில் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கிறதாம். தட்டியதும் இரண்டு காதிலும் பாட்டு, டிரம்ஸ், கிடார் எல்லாம் ஒன்றாக வந்தன.

"இதுக்குப் போயா லண்டன் வரைக்கும் போனீங்க?" என்றாள்.

எதிர் சீட்டுப் பெரியவர் இப்போது சத்தமாகவே சிரித்தார்.