முகூர்த்தம் முடிந்தபின் வடசென்னையில் ஒரு பகல்

தை, மாசியில் அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும்போதும், சித்திரை, வைகாசியில் வயல் வேலை குறைந்திருக்கும்போதும் கிராமத்துக் குடும்பங்கள் கல்யாணங்களுக்கு வெளியூர் போவது வழக்கம். துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் வேலை தேடி வடசென்னைக்குப் போய்த் தங்கிவிட்ட உறவினர் பலருக்கும் உண்டு. எனவே இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் வேன் கட்டிக்கொண்டு போகும் சந்தர்ப்பமும் வருகிறது. காலையில் தாலி கட்டி, பத்து மணிக்குள் பந்தி முடிந்துவிடும். ஊர் திரும்புவது மாலையில்தான். நடுவில் உள்ள நேரத்தை மண்டபத்து நாற்காலியில் தூங்கிக் கழிப்போர் உண்டு. ஆட்டோ பிடித்து மெரினாவுக்குப் போய்ப் பணத்தைக் கரைப்போரும் உண்டு. இரண்டும் தேவையில்லை. விவசாயி பார்க்க வேண்டியவை அந்தப் பகுதியிலேயே இருக்கின்றன.

கோயில் நடை நண்பகலில் சாத்தப்படும். ஆகையால் பந்தி முடிந்ததும் முதலில் திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்குப் போய்விடுவது நலம். மெட்ரோ ரயிலில் வருவோர் தேரடி நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். மூலவர் ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டுமே கவசம் நீக்கப்படும். அம்மன் வடிவுடையம்மன். கல்யாணத்துக்கு வந்தவர்கள் இங்குள்ள மகிழ மரத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. சுந்தரர் சங்கிலி நாச்சியாரைப் பிரிவதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்தது இந்த மரத்தடியில்தான். அதை மீறி ஊரை விட்டுக் கிளம்பியதும் அவருக்குக் கண் பார்வை போயிற்று என்பது வரலாறு. மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போனால் தவறில்லை!

கடற்கரையை ஒட்டிப் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. பேய்க்கரும்பின் நுனி எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கேதான் முக்தி என்று கேட்டு நடந்தவருக்குத் திருவொற்றியூரில் அது இனித்ததாம். கரும்பு போடுகிறவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். கரும்பு அடியிலிருந்து மேல்நோக்கி முதிர்கிறது. சர்க்கரை அடிக்கணுக்களில் மிகுதி, நுனியில் குறைவு. தரையை ஒட்டி வெட்டுங்கள், கொழுந்தாடையைக் கழித்துவிடுங்கள் என்று சொல்வதற்கும் காரணம் அதுவே. நுனி இனித்தால் அது அதிசயம்தான்.

நெடுஞ்சாலையில் வடக்கே போனால் வண்டியில் இருந்தபடியே பார்க்கக் கூடியவை சில. பால்காரர் முதல் மிராசுதார் வரை ஏறி ஓட்டிய புல்லட் மோட்டார் சைக்கிள் 1956 முதல் திருவொற்றியூரில் தயாரானது. நெல் மூட்டை ஏற்றிப் போகும் அசோக் லேலண்ட் லாரி எண்ணூரில் பிறந்தது. மேற்கே மணலியில் உள்ளது 1971 முதல் உற்பத்தி செய்துவரும் சென்னை உரத் தொழிற்சாலை. 'விஜய்' யூரியா இங்கிருந்துதான் வருகிறது. காற்றிலுள்ள தழைச்சத்தை, முன்பு நாப்தாவிலிருந்தும் இப்போது இயற்கை எரிவாயுவிலிருந்தும் எடுக்கும் ஹைட்ரஜனோடு சேர்த்து முதலில் அம்மோனியா ஆக்குகிறார்கள். அதிலிருந்து யூரியா கிடைக்கிறது. உள்ளே போக முடியாது. ஆனால் புகைபோக்கிகளைப் பார்க்கும்போது ஒரு கணக்கை நினைவில் கொள்ளலாம். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 20 கிலோ 700 கிராம். தண்ணீர் தேங்கிய வயலில் விசிறினால் அதில் கணிசமான பங்கு வந்த காற்றுக்கே திரும்பிப் போய்விடும்.

இராயபுரம் ரயில் நிலையம் 1856ல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்க வேண்டும். முதல் நாள் இரவே வந்து தங்கியவர்கள் விடியற்காலையில் போனால் ஏலத்தைப் பார்க்கலாம். விளைபொருளைக் கமிஷன் மண்டியில் போட்டுவிட்டுக் காத்திருந்து பழகியவர்களுக்கு, படகிலிருந்து இறங்கிய சரக்கு கண்ணெதிரே விலை போவதைப் பார்ப்பது பயனுள்ள பாடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சித்திரை, வைகாசிக் கல்யாணங்கள் பெரும்பாலும் இதற்குள் வருவதால் பெரிய மீன்கள் வரத்துக் குறைந்து விலை ஏறியிருக்கும்.

வாங்குவதானால் செவுள் சிவப்பாகவும், கண் குழியாமல் தெளிவாகவும், விரலால் அழுத்திய குழி உடனே நிமிர்வதாகவும் பார்த்து வாங்க வேண்டும். மீனும் ஐஸும் சம எடையில் அடுக்கிய பெட்டி இல்லாமல் நான்கைந்து மணி நேரம் பயணம் செய்வது பணத்தைத் தெருவில் எறிவதற்குச் சமம். பெட்டி இல்லாதவர்கள் கருவாடு வாங்கலாம். ஈரப்பதமும் இளஞ்சிவப்புத் திட்டும் உள்ளதைத் தொட வேண்டாம். மீன் வாங்கியவர்கள் செதில், குடலை வீட்டில் எறியாமல், அதே எடை வெல்லத்தோடு கலந்து மூடிய வாளியில் மூன்று, நான்கு வாரம் வைத்தால் மீன் அமிலம் தயார். வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி வரை கலந்து காய்கறிப் பயிருக்குத் தெளிக்கலாம்.

எண்ணூர் முகத்துவாரம் பார்க்க அழகானது. பூண்டி ஏரியின் உபரி நீரைக் கொண்டுவரும் கொசஸ்தலையாறு அங்கே கடலில் கலக்கிறது. ஆனால் ஆலைக் கழிவும் அனல் மின் நிலையச் சாம்பலும் பல காலமாக அதில் சேர்ந்துள்ளன. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணெயும் படர்ந்து மீனவர் பிழைப்பைக் கெடுத்தது. கரையில் நின்று பார்க்கலாம். குழந்தைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம்.

மாலைச் சிற்றுண்டிக்கு அத்தோ. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த பண்டம் இது. கோதுமை நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர் சேர்த்துக் கையால் பிசைந்து தருவார்கள். பாரிமுனை அருகே கடற்கரை இரண்டாவது தெருவில் தொடங்கி வடசென்னையின் பல தெருக்களில் தள்ளுவண்டிகள் நிற்கின்றன. கல்யாணப் பந்தியில் இது கிடைக்காது. 

கூடவே தரும் சூப்பைக் கவனியுங்கள். அதில் மிதப்பது வாழைத்தண்டு. தார் வெட்டியதும் வரப்பில் சாய்த்து அழுக விடுகிறோமே, அதேதான்! இங்கே நாள்தோறும் விலைக்கு வாங்குகிறார்கள். எங்கிருந்து, என்ன விலைக்கு, எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று கடைக்காரரிடமே கேட்கலாம். கூட்டமில்லாத நேரத்தில் கேட்டால் சொல்வார். அனுப்புவதானால் உள் மட்டை இரண்டை உரிக்காமல் விட்டு அனுப்ப வேண்டும். இல்லையேல் வழியிலேயே கறுத்துவிடும். ஒரு வீட்டுத் தோட்டத்துத் தண்டுக்கு லாரி வாடகை கட்டாது. பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, வாழைத்தார் ஏற்றும் அதே வண்டியில் போட்டு அனுப்ப வேண்டும்.