மறுமுனையில் ஒரு மருத்துவர்

ராத்திரி ஒன்றரை மணி. குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. தெருமுனை கிளினிக் பூட்டியிருக்கிறது. ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவதா, ஈரத்துணியால் துடைத்து விடியும்வரை பார்ப்பதா? அந்த நேரத்தில் வீட்டாருக்கு வேண்டியது மருந்துச் சீட்டு அல்ல. இப்போதே கிளம்பணுமா, காலையில் போனால் போதுமா என்பதற்கு ஒரு பதில்தான். 104 என்ற எண்ணை அழைத்தால் தமிழ்நாட்டில் அந்தப் பதிலைக் காசில்லாமல் எந்நேரமும் கேட்கலாம். ஆம்புலன்ஸ் எண்ணான 108-ஐ அறியாதவர் இல்லை. 104 பலருக்கு அவசரத்தில் நினைவுக்கு வருவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பெருந்தொற்றில் சென்னை கண்டது

போன் வழி ஆலோசனை எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதைச் சென்னை 2020, 2021 ஆண்டுகளில் நேரடியாகப் பார்த்தது. லேசான கொரோனா தொற்று உள்ளவர்கள் வீட்டிலேயே தனிமைப்படுத்தப்பட்டபோது, அவர்களோடு பேசுவதற்காக மாநகராட்சி தொலைபேசி ஆலோசனை மையத்தை அமைத்தது. இரண்டாம் அலையில் ஆள் போதாமல் மருத்துவ மாணவர்களையும் இந்த வேலைக்கு அழைத்தார்கள்.

மக்கள் அழைக்கட்டும் என்று மையம் காத்திருக்கவில்லை, தானே வீடுகளுக்குப் போன் செய்தது. காய்ச்சல் எப்படி இருக்கிறது, ஆக்சிஜன் எவ்வளவு காட்டுகிறது, சாப்பிட முடிகிறதா என்று விசாரித்தது. இது வெறும் நலம் விசாரிப்பு இல்லை. கொரோனாவில் சிலருக்கு ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருக்கும், மூச்சுத் திணறலோ தெரியாது. ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பவரை ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி, மறுபடி விரலில் கருவியை மாட்டிப் பார்க்கச் சொல்வார்கள். நடந்தபின் அளவு சட்டென்று குறைந்தால், அவர் எப்படி உணர்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர். தானாக அழைத்திருக்கவே மாட்டாத நோயாளியை ஒரு போன் கண்டுபிடித்துவிடும். தொற்று ஓய்ந்த பிறகும், தனியாக வாழும் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளுக்கு இப்படி ஒரு வாராந்திர அழைப்பு கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அவருக்குக் காது மட்டும்தான்

போனில் இருக்கும் மருத்துவரால் நாக்கைப் பார்க்க முடியாது, வயிற்றை அமுக்கிப் பார்க்க முடியாது. அந்தக் கண்ணாகவும் கையாகவும் அழைப்பவர்தான் இருக்க வேண்டும். ‘நேத்துலேர்ந்து ஒரே சோர்வு’ என்றால் அவருக்குப் பிடி கிடைக்காது. காய்ச்சல் எத்தனை நாளாக, தெர்மாமீட்டரில் எவ்வளவு, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, எத்தனை தடவை வாந்தி என்று சொன்னால் படம் தெளிவாகும். குழந்தையென்றால் எடையும் வேண்டும், பாராசிட்டமால் அளவை எடையை வைத்தே கணக்கிடுகிறார்கள். மருந்து அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு பெயரை வாசித்துச் சொல்லுங்கள். ‘அந்த வெள்ளை மாத்திரை’ என்று யாருக்கும் மருந்தைச் சொல்ல முடியாது.

நோயாளி பேசக்கூடிய நிலையில் இருந்தால் போனை அவரிடமே கொடுத்துவிடுங்கள். ஒரு வாக்கியம் முடிவதற்குள் எத்தனை தரம் மூச்சு வாங்குகிறார் என்பதே பயிற்சி பெற்ற காதுக்கு ஒரு பரிசோதனை.

2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, மருத்துவர் தம்மை யாரென்று அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். சில மருந்துகளைப் போனில் எழுதித் தரவே கூடாது. ‘நேரில் வாங்க’ என்று அவர் சொன்னால் அதைத் தட்டிக்கழிப்பு என்று எண்ண வேண்டாம். அதுவும் ஒரு மருத்துவ முடிவுதான்.

போனில் நேரம் போக்கக் கூடாதவை

நெஞ்சுவலி, ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொள்வது, வாய் கோணுவது, பேச்சுக் குழறல், நிற்காத வலிப்பு, பாம்புக்கடி, விஷம், நினைவு தப்புதல் என்றால் நேராக 108-தான். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பிறந்து மூன்று மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் காத்திருக்கக் கூடாது.

மழைக்காலத்தில் டெங்கு ஏமாற்றும். காய்ச்சல் விட்டதும் வீடு நிம்மதியாகிவிடும், ஆனால் ஆபத்து பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த அசதி, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே கிளம்புங்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாத்திரைகளை நீங்களாகத் தராதீர்கள்.

சொல்லத் தயங்குவதற்கும் ஓர் எண்

பிளஸ் டூ, நீட் முடிவு நேரங்களில் 104-லிருந்து ஆலோசகர்களே மாணவர்களை அழைத்துப் பேசுகிறார்கள். மனநலத்துக்கென்று 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய சேவையின் எண் 14416. அதுவும் இலவசம், இரவிலும் எடுப்பார்கள். முகம் தெரியாதது உடல் நோய்க்குக் குறைதான், மனத்துயருக்கு அதுவே பலருக்குத் துணிச்சல் தருகிறது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ‘ரொம்ப நாளா தூக்கம் வரலை’ என்று சொன்னால் போதும், மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.