மூச்சுக்கும் மின்சாரத்துக்கும் என்ன தொடர்பு?

“பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. பிறகு எப்படி அம்மாவுக்கு இந்த மூச்சுத்திணறல்?” நோயாளிகளின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விடை பல வேளைகளில் விறகடுப்பில் இருக்கிறது. சில வேளைகளில் நாம் எல்லாரும் சுவாசிக்கும் காற்றிலேயே இருக்கிறது.

விறகு, நிலக்கரி, டீசல் ஆகியவை எரியும்போது நுண்துகள்கள் வெளிப்படுகின்றன. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் ஒன்று தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். மூக்கும் தொண்டையும் அதைத் தடுத்து நிறுத்த இயலாது. அது நுரையீரலின் காற்றுப்பைகள் வரை செல்கிறது. மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கின்றன. எனவேதான் காற்றுமாசு ஆஸ்துமாவோடு நில்லாமல் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் காரணமாகிறது. வீட்டின் உள்ளும் புறமும் உள்ள மாசினால் ஆண்டுதோறும் சுமார் 70 லட்சம் பேர் அகாலத்தில் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

எரிபொருளை மாற்றினால் இந்நிலை மாறுமா? இலண்டன் மாநகரின் வரலாறு இதற்கு விடை கூறுகிறது. 1952 டிசம்பர் 5ஆம் நாள் அந்நகரைக் கடும் மூடுபனி சூழ்ந்தது. குளிருக்காக வீடுதோறும் எரித்த நிலக்கரியின் புகையும், மின் நிலையங்களின் புகையும் மேலெழ வழியின்றித் தரையோடு தங்கின. ஐந்து நாள்கள் நீடித்த அப்புகைமூட்டத்தால் சுமார் 4,000 பேர் இறந்ததாக அன்று கணக்கிட்டனர். பிற்கால ஆய்வுகள் அதனை 12,000 வரை உயர்த்தின. முதியோரும் இதய, நுரையீரல் நோயாளிகளும் பச்சிளங்குழந்தைகளுமே பெரிதும் பாதிக்கப்பட்டனர்.

1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. வீடுகள் புகையற்ற எரிபொருளுக்கு மாறின. அம்மாற்றம் அங்கேயே நின்றுவிடவில்லை. 2012இல்கூடப் பிரிட்டனின் மின்சாரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு நிலக்கரியிலிருந்து கிடைத்தது. 2024 செப்டம்பர் 30 அன்று அந்நாட்டின் கடைசி நிலக்கரி மின் நிலையமும் மூடப்பட்டது. காற்றாலைகள் அதில் பெரும்பங்கு ஆற்றின.

புகைபோக்கியிலிருந்து துகள்களோடு கரியமில வாயுவும் வெளியேறுகிறது. துகள்கள் சில நாள்களில் படிந்துவிடும். கரியமில வாயுவோ நூற்றாண்டுகள் வானில் தங்கிப் புவியைச் சூடாக்கும். அவ்வெப்பம் முதலில் வருத்துவது இதய நோயாளியையும் சிறுநீரக நோயாளியையும் முதியோரையுமே. ஆகவே தூய ஆற்றலுக்கு மாறுவது இன்றைய மூச்சுக்கும் நாளைய கோடைக்கும் ஒரே மருந்தாகும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை நெடுங்காலம் நம்பியிருந்த நம் மாநிலத்தில், முப்பந்தல் காற்றாலைகளும் கமுதிச் சூரிய மின் நிலையமும் அம்மருந்தின் தொடக்கங்கள்.

அரசுகள் செய்யவேண்டியவை பெரியவை. எனினும் வீட்டில் நாம் செய்யக்கூடியவையும் உண்டு:

• விறகடுப்பைத் தவிர்த்து எரிவாயு அடுப்பையோ இண்டக்‌ஷன் அடுப்பையோ பயன்படுத்துங்கள். இயலாவிடில், அடுப்பைத் திறந்த வெளியில் வையுங்கள். நோயாளியையும் குழந்தையையும் புகையருகே அமர்த்தாதீர்கள்.

• குப்பை, பிளாஸ்டிக், டயர் ஆகியவற்றைப் போகியன்றும் எரிக்காதீர்கள்.

• நடைப்பயிற்சிக்கு வாகன நெரிசலற்ற தெருவைத் தேர்ந்தெடுங்கள்.

• கோடையில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெளியே செல்வதைத் தவிருங்கள். இதய, சிறுநீரக நோயாளிகள் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

• மூச்சு இலேசாக இருக்கும் நாள்களிலும் இன்ஹேலரைத் தாமாக நிறுத்தாதீர்கள்.

நாங்கள் தரும் மருந்து, நுரையீரலுக்குள் வந்து சேர்ந்த தீங்கைத் தணிக்கும். அத்தீங்கு வந்து சேராமல் தடுக்கும் பணி அடுப்படியிலும் மின் நிலையத்திலும் தொடங்குகிறது.