பீரோ சாவி தொலைந்ததா? கொத்துச் சாவி ஆசாமியிடம் உஷார்!

பகல் 11 மணி. கணவர் ஆபீசுக்குப் போய்விட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். வீட்டில் இருப்பது குடும்பத்தலைவி மட்டும்தான்.

தெருவில் "ஜல்... ஜல்..." என்று சத்தம். பெரிய இரும்பு வளையத்தில் கொத்துக் கொத்தாகச் சாவிகள். தோளில் ஒரு பை. "பூட்டு ரிப்பேர்... சாவி போடுறது..." என்று குரல் கொடுத்தபடி ஒருவர் போகிறார்.

வீட்டு பீரோவில் லாக்கர் சாவி கொஞ்ச நாளாகத் திரும்ப மறுக்கிறது. மாற்றுச் சாவியையும் காணோம். "அட, தேடிப் போகணும்னு நினைச்சேன். ஆளே வாசலுக்கு வந்துட்டாரே" என்று அந்த அம்மாவுக்கு சந்தோஷம். கூப்பிட்டு பீரோவைக் காட்டுகிறார்.

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கூலியை வாங்கிக்கொண்டு ஆசாமி போய்விட்டார். மறுநாள் லாக்கரைத் திறந்தால்... நகைப்பெட்டி காலி!

இது ஏதோ ஒரு வீட்டில் ஒரு நாள் நடந்த கதை அல்ல. சென்னையிலும் மற்ற ஊர்களிலும் போலீசுக்கு வரும் புகார்களில் திரும்பத் திரும்ப இடம்பெறும் திருட்டு முறை இது. ஆட்கள் மாறுவார்கள். தந்திரம் மட்டும் மாறுவதில்லை.

கண்ணெதிரே கைவரிசை

அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

முதலில் ஆசாமி ஒரு சாவியை நுழைத்துத் திருப்பிப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். "உள்ளே துரு பிடிச்சிருக்கும்மா. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கொண்டாங்க" என்பார். எண்ணெய் வரும். அடுத்து, "இந்தச் சாவியை அடுப்புல சூடு காட்டிக் கொண்டாங்க" என்பார். அதுவும் ஆகும். பிறகு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்பார்.

எண்ணெய், அடுப்பு, தண்ணீர். மூன்றும் இருப்பது சமையலறையில். பீரோ இருப்பதோ படுக்கையறையில். இந்த இடைவெளிதான் திருடனுக்கு வேண்டியது. அம்மா சமையலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் லாக்கர் திறந்து மூடியிருக்கும். நகை பைக்குள் போயிருக்கும்.

கடைசியில்தான் பெரிய தந்திரம். லாக்கர் பூட்டில் ஒரு சாவியைச் சிக்கவைத்து விடுவார்கள். "எண்ணெய் ஊறணும். இப்போ திறந்தா பூட்டு உடைஞ்சிடும். நாளைக்கு நானே வந்து திறந்து தர்றேன். அதுவரைக்கும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஆசாமி கம்பி நீட்டிவிடுவார்.

வீட்டுக்காரர்களும் அந்தப் பேச்சை நம்பி பீரோவைத் தொடாமல் காத்திருப்பார்கள். விஷயம் வெளியே தெரிவதற்குள் ஒரு பகலும் ஒரு இரவும் போய்விடும். ஆசாமி ஊரை விட்டே போயிருப்பார்.

ஆகவே ஒன்றை மட்டும் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "அப்புறம் திறந்து பாருங்க" என்று எவன் சொன்னாலும் அவனை விடக்கூடாது. உங்கள் கையால் திறந்து, உள்ளே இருப்பதை எண்ணிப் பார்த்த பிறகுதான் கூலி. அதுவரை ஆள் வாசல்படி தாண்டக்கூடாது.

உண்மையான வேலை எப்படி இருக்கும்?

பீரோ பூட்டுக்குள் லீவர் எனப்படும் சின்னத் தகடுகள் வரிசையாக இருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்கவேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் சரியாக நின்றால்தான் தாழ்ப்பாள் நகரும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும் இந்த லீவர் முறையில் செய்யப்படுவதுதான்.

சாவி இல்லாத பூட்டுக்குத் தொழில் தெரிந்தவர் என்ன செய்வார்? பல் வெட்டாத வெறும் சாவி ஒன்றை எடுப்பார். அதைத் தீயில் காட்டிக் கரி ஏற்றுவார். பூட்டில் நுழைத்துத் திருப்புவார். தகடு உரசிய இடத்தில் கோடு விழும். அந்த இடத்தை அரத்தால் ராவுவார். மறுபடி நுழைப்பார், மறுபடி ராவுவார். பூட்டு திறக்கும்வரை இதே வேலைதான்.

இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. கரி ஏற்றுவதற்கான மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் அவர் பையிலேயே இருக்கும். எண்ணெயும் இருக்கும். உங்களை அடுப்படிக்கு விரட்டவேண்டிய அவசியமே அவருக்குக் கிடையாது. வேலை முழுவதையும் உங்கள் கண்ணெதிரே செய்வார்.

செல்போனில் வரும் வலை

வாசலுக்கு வருவது ஒரு வகை. இப்போது செல்போனில் வரும் வகையும் சேர்ந்துவிட்டது.

ராத்திரி 10 மணிக்கு வீட்டுக் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்கிறது. சாவி உள்ளே. மனிதர்கள் வெளியே. அவசரத்தில் செல்போனில் தேடி, முதலில் கண்ணில் படும் நம்பரைக் கூப்பிடுகிறார்கள். "200 ரூபாய்தான் சார்" என்று தேன் போலப் பேச்சு. ஆள் வந்ததும் பல்லவி மாறும். "இது சாதாரணப் பூட்டு இல்லை. டிரில் போட்டு உடைக்கணும். புதுப் பூட்டோட சேர்த்து 4 ஆயிரம் ஆகும்." நடுராத்திரியில் குழந்தையோடு வாசலில் நிற்பவர் என்ன செய்வார்? கேட்டதைக் கொடுப்பார்.

வந்து பார்த்ததுமே டிரில் மெஷினைக் கையில் எடுக்கிறவர் தொழிலாளி அல்ல. உடைக்காமல் திறக்கத்தான் முதலில் முயற்சி செய்யவேண்டும். உடைப்பது கடைசி வழி.

இன்னொரு கூட்டம் ஆளையே அனுப்பாது. "அட்வான்ஸ் அனுப்புங்க, ஆள் கிளம்பிட்டார்" என்று கியூ.ஆர். கோடு அனுப்பும். பணம் போனதும் போன் ஆப். வேலை முடியும் முன் ஒரு ரூபாய் கூட அனுப்பக்கூடாது. அனுப்பி ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் கொடுக்கவேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை மடக்குவது கஷ்டம்.

கேள்வி கேட்பவரே நல்லவர்

அப்படியானால் சாவிக்காரர்கள் எல்லோரும் மோசடிக்காரர்களா? இல்லவே இல்லை.

மார்க்கெட் ஓரத்திலும் பஸ் நிலையம் பக்கத்திலும் ஒரு குடை, ஒரு மரப்பெட்டி, ஒரு அரத்தோடு வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும் தொழிலாளிகள் ஏராளம். தினமும் அதே இடத்தில் அவரைப் பார்க்கலாம். பக்கத்து டீக்கடைக்காரருக்கு அவரைத் தெரியும். எதிர் மளிகைக்கடைக்காரருக்கு அவர் வீடும் தெரியும். தப்பு செய்துவிட்டு அவர் எங்கே ஓடமுடியும்? வேறு ஊர்க்காரர், வேறு மொழி பேசுகிறவர் என்பதற்காக ஒருவரைச் சந்தேகிப்பது தவறு. அவருக்கு நிலையான இடம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

நல்ல சாவிக்காரரை அடையாளம் காண இன்னொரு வழியும் உண்டு. அவர் உங்களையே விசாரிப்பார்! "இது உங்க வீடுதானா? அடையாள அட்டை இருக்கா? வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்பார். ஸ்கூட்டர் சாவி கேட்டால் "ஆர்.சி. புக் காட்டுங்க" என்பார். சோப்புக்கட்டியில் அச்சு எடுத்துக்கொண்டு வந்து சாவி கேட்டால் "அதெல்லாம் போடமாட்டேன், போய்ட்டு வாங்க" என்று விரட்டிவிடுவார்.

பலருக்கு இது கோபமூட்டும். "என்னையே திருடன்னு நினைக்கிறாயா?" என்று சண்டைக்குப் போவார்கள். போகக்கூடாது. உங்களிடம் கேள்வி கேட்கிறவர்தான், நாளை உங்கள் வீட்டுச் சாவிக்காக வரும் திருடனிடமும் கேள்வி கேட்பார். எதுவும் கேட்காமல் திறந்து கொடுப்பவர், யாருக்கு வேண்டுமானாலும் திறந்து கொடுப்பார்.

செய்யவேண்டியது என்ன?

* சாவி தொலையும் முன்பே ஆளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டையில் நிலையாகக் கடை வைத்திருப்பவரின் நம்பரை இன்றே எழுதி வையுங்கள்.

* லாக்கர் வேலை என்றால் ஆள் வருவதற்கு முன்பே, முடிந்தால் நகை பணத்தை வெளியே எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

* வீட்டில் தனியாக இருக்கும்போது கூப்பிடாதீர்கள். ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும். எது தேவைப்பட்டாலும் இன்னொருவர் போய் எடுத்து வரட்டும்.

* கூலி எவ்வளவு, எதற்கு என்று முதலிலேயே பேசி முடியுங்கள். வந்த பிறகு தொகை ஏறினால் வேலை கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள்.

* எத்தனை சாவி போட்டார் என்று எண்ணுங்கள். மாதிரிச் சாவியையும் அரைகுறையாக ராவிய சாவியையும் கேட்டு வாங்குங்கள்.

* வாடகை வீட்டுக்குப் புதிதாகக் குடிபோகிறவர்கள், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வாசல் பூட்டை மாற்றிவிடுவது நல்லது. பழைய சாவி எத்தனை பேர் கையில் இருக்கிறதோ!

பறிபோனால்?

நகை காணோம் என்று தெரிந்ததும் பீரோவைத் துடைக்காதீர்கள், தொடாதீர்கள். கைரேகை அழிந்துவிடும். உடனே 100 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். ஆள் வந்த நேரம், உடை, பேச்சு, வந்த வண்டி எல்லாவற்றையும் மறக்கும் முன் எழுதி வையுங்கள். தெருவில் உள்ள கேமராக்களில் பழைய பதிவு அழியும் முன் பார்க்கச் சொல்லுங்கள்.

"நம்ம முட்டாள்தனம் ஊருக்குத் தெரியவேண்டாம்" என்று சிலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். அது திருடனுக்குச் செய்யும் உபகாரம். வீட்டுக்குள் செய்யும் திருட்டுக்கு 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-வது பிரிவில் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆனால் புகார் இருந்தால்தானே வழக்கு!

அடுத்த தெருவில் மறுபடியும் "ஜல்... ஜல்..." என்று சத்தம் கேட்கலாம். வருகிறவர் உழைப்பாளியாகவும் இருக்கலாம், திருடனாகவும் இருக்கலாம். முகத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது. பீரோ முன்னால் அவர் உட்கார்ந்திருக்கும் வரை நீங்களும் அங்கேயே உட்கார்ந்திருங்கள். தண்ணீர் கேட்டால், வேலை முடிந்த பிறகு மோராகவே கொடுக்கலாம்!