செதிலுக்குள் எட்டிப் பார்த்தேன்!

வீட்டில் யாருக்காவது சொரியாசிஸ் இருந்தால் அந்தச் செதிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். போர்வையை உதறினால் தவிடு மாதிரி கொட்டும். கூட்டிப் பெருக்கி வெளியே தள்ளிவிடுவோம். ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் யென்ஸ்-மிகாயேல் ஷ்ரோடரின் ஆய்வுக்கூடத்திலோ அது புதையல்!

வெடித்து உரிந்து கிடக்கும் அந்தத் தோலில் கிருமித் தொற்று அபூர்வம். எப்படி? செதிலிலிருந்து சாறு எடுத்தார்கள். ஈகோலை பாக்டீரியாவை உள்ளே ஒட்டவைத்த ஒரு குழாயில் அதை ஓடவிட்டார்கள். கிருமியைக் கவ்விப் பிடிக்கிற சரக்கு ஏதாவது சாற்றில் இருந்தால் குழாயிலேயே தங்கிவிடும் அல்லவா? தங்கியது! பாக்டீரியாவைக் கொல்லும் குட்டிப் புரதம் அது. பீட்டா டிஃபென்சின்-2 என்று பெயர். 1997-இல் 'நேச்சர்' இதழில் செய்தி வந்தது. அதைவிட எனக்குப் புல்லரித்தது, அந்தப் புரதத்தைச் செய்தது யார் என்பதுதான். ரத்தத்து வெள்ளையணு இல்லை, கெரட்டினோசைட் என்கிற சாதாரண மேல்தோல் செல்! வெறும் சுவர் என்று நாம் நினைத்திருந்த செல்லுக்குள் ஓர் ஆயுதக் கிடங்கே இருக்கிறது.

சரி, கிடங்கைத் திறக்கச் சொன்னது யார்? தோலுக்குள் வந்து இறங்கியிருக்கும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள். அவை இன்டர்லூக்கின்-17 என்ற புரதத்தைத் தூதாக அனுப்பும். தூது வந்து தொட்டதும் தோல் செல் சும்மா கேட்டுக்கொண்டிருக்காது, ஊரையே கூட்டிவிடும்! இன்டர்லூக்கின்-8 என்று ஒரு குரல் கொடுத்தால் நியூட்ரோஃபில் என்ற வேறு வெள்ளையணுக்கள் மேல்தோலின் உச்சிவரை ஏறி வந்து கும்பலாகக் குவிகின்றன. சிசிஎல்-20 என்று இன்னொரு குரல் கொடுத்தால் மேலும் டி செல்கள் வருகின்றன. கிருமியைக் கொல்லும் டிஃபென்சினும் சிசிஎல்-20 தட்டுகிற அதே கதவைத்தான் தட்டி ஆள் கூப்பிடுகிறது! வந்தவர்கள் மறுபடி இன்டர்லூக்கின்-17-ஐக் கொட்ட, தோல் செல் மறுபடி கத்துகிறது. இந்தச் சுற்று நிற்பதே இல்லை.

இந்த அமளியில் செல்களுக்குப் பொறுமை ஏது? அடியில் பிறந்த தோல் செல் மேலே வந்து உதிர வழக்கமாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இங்கே சில நாட்களில் ஓடி வந்துவிடுகிறது. ஒரு செதிலை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள்: வழியிலேயே கரைந்திருக்க வேண்டிய உட்கரு, இன்னும் கரும்புள்ளியாக உட்கார்ந்திருக்கும். பக்குவப்பட நேரமே கிடைக்காத செல் அது. பார்க்கவே பாவமாக இருக்கும்.

இன்டர்லூக்கின்-17-ஐ வழிமறிக்கும் செகுகினுமாப் ஊசிக்கு 2015-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. தூது நின்றால் பலருக்குத் தோலில் உள்ள படை மறைகிறது. அப்போது நோயாளியின் ரத்தத்தில் ஒரு புரதத்தின் அளவும் மளமளவென்று இறங்குகிறது. எது தெரியுமா? கீலில் செதிலிலிருந்து பிடித்தார்களே, அதே பீட்டா டிஃபென்சின்-2!