கற்பாதையில் மீமுரே வரை

யாழ்ப்பாணத்துச் சமநிலத்தில் துவிச்சக்கரவண்டி மிதித்துப் பழகியவர்க்கு மலையேற்றம் என்பது பிறர் சொல்லக் கேட்கும் செய்தியே. அத்தகைய நாம், 2012ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில், உடனாசிரியர் ஒருவரின் தூண்டுதலால் கண்டியிலிருந்து மீமுரே என்னும் மலைக்கிராமம் வரை வண்டியிற் செல்லத் துணிந்தோம். 'இந்த வயதில் இது வேண்டுமா?' என்று இல்லாள் கேட்டாள். அவள் கேள்வியின் நியாயம் முதல் ஏற்றத்திலேயே எமக்கு விளங்கிற்று.

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதி தெல்தெனிய வழியாகக் கிழக்கே ஏறுகின்றது. பழைய தெல்தெனிய நகர் இன்று இல்லை. 1985இல் நிறைவுற்ற விக்டோரியா அணையின் நீருக்குள் அது அடங்கிவிட்டது. அப்பால் வருவது மெதமகாநுவரை. கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1815 பெப்ரவரி 18ஆம் நாள் பிடிபட்டது இவ்வூரை அடுத்தே. கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய நாயக்கர் குலத்தவனாகிய அவன், பின்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே மறைந்தான். ஓர் அரசன் ஒளிந்துகொள்ள இம்மலைகளை நம்பியதேன் என்பதை நூல்கள் விளக்கியதைவிட, மூச்சு வாங்கிய எம் நெஞ்சு நன்கு விளக்கியது.

ஹுன்னஸ்கிரியவில் பெருவீதியை விட்டு இடப்புறம் திரும்பினோம். அங்கிருந்து மீமுரேக்கு 30 கிலோமீற்றருக்கு மேல். தேயிலைத் தோட்டங்கள் பின்தங்கின; தாரும் சிறிது சிறிதாக மறைந்து, கிறவலும் கருங்கல்லுமான பாதை தொடங்கிற்று. ஒருபுறம் வனம், மறுபுறம் பள்ளத்தாக்கு. விரல்களை மடக்கிய முட்டியைப் போன்று சிகரங்கள் தோன்றுவதால் ஆங்கிலேயர் இத்தொடருக்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். சிங்கள மக்கள் இதனைத் தும்பறை மலை என்பர். 2000ஆம் ஆண்டில் காப்புவனமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இது, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. மூக்கின் நுனியில் இலைபோன்ற தசையைத் தாங்கிய ஓணான் ஒன்று இங்கு உண்டு. இத்தொடரையன்றி உலகில் வேறெங்கும் அது வாழ்வதில்லை.

இக்காட்டுக்குள் முன்னர் ஏலக்காய் பெருமளவில் விளைந்தது. ஏலம் நிழலை விரும்புவது. ஆதலின் பெருமரங்களை விட்டுவிட்டு, அவற்றின் கீழ் வளரும் செடிகொடிகளையும் இளங்கன்றுகளையும் அகற்றிப் பயிரிட்டனர். காயை உலர்த்தும் சூளைக்கு விறகும் காட்டிலிருந்தே வந்தது. மேலே பார்த்தால் காடு. கீழே அதற்கு வாரிசில்லை. காப்புவனத்துள் ஏலப்பயிர் தடைசெய்யப்பட்டமைக்குக் காரணம் இதுவே. காடு பிழைத்தது, பலர் வருவாயை இழந்தனர். இரண்டும் உண்மை.

கோபெற்ஸ் கணவாயை அடைந்தபோது காற்று எம்மை வண்டியோடு தள்ளிற்று. எதிரே லக்கேகல சிகரம் முக்கோணமாக நிமிர்ந்து நின்றது. இராவணனது விமானம் எழுந்த இடம் அதுவே என்பது ஊரார் ஐதிகம். 'இப்பாதைக்குத் தார் இடாதிருக்க வேண்டும். இட்டால் இவ்வழகு போய்விடும்!' என்று நண்பரிடம் வியந்து கூறினோம்.

அவ்வார்த்தை எம்மைச் சுட அரைமணி நேரமே போதுமாயிருந்தது. இறக்கத்தில் பிறேக்கை இறுகப் பற்றிக் கைகள் மரத்துப்போன நிலையில், எதிரே ஒரு முச்சக்கரவண்டி ஊர்ந்து வருவதைக் கண்டு இறங்கி ஒதுங்கினோம். உள்ளே நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, தாயின் தோளிற் சாய்ந்து கண்களை மூடியிருந்தாள். அவள் கணவனாயிருக்க வேண்டும், ஓர் இளைஞன் வண்டிக்கு முன்னே நடந்தான்; சில்லுக்கு அடியில் வரக்கூடிய கற்களை ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்து ஓரத்தில் வைத்தான். எமக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், 'உதவி வேண்டுமா?' என்று கேட்டோம். அவன் புன்னகை செய்து தலையசைத்து மேலே நடந்தான். எமக்கு அழகாய்த் தோன்றிய கற்கள் அவை.

மீமுரேயில் அன்றிரவு ஒரு வீட்டுத் திண்ணையில் தங்கினோம். சோறும் பலாக்கொட்டைக் கறியும் தந்து உபசரித்தார்கள். உடல் களைத்திருந்தும் உறக்கம் வரவில்லை.

2025 நவம்பரில் வீசிய டித்வா புயலின் பெருமழையால் கண்டி, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து, ஊர்கள் பல வழியற்றுத் துண்டிக்கப்பட்டபோது, அந்த இளைஞனின் குனிந்த முதுகே எம் கண்முன் வந்தது. பாதை என்பது வந்து போவோர்க்கு இன்பம். அங்கே வாழ்வோர்க்கு உயிர். காட்டை வெட்டி அகன்ற வீதி அமைக்க வேண்டும் என்பதன்று எம் கருத்து. செங்குத்தான இடங்களிற் கொங்கிறீற்றும், மழைநீர் வடியக் கானும், அவசரத்துக்கு ஒரு வண்டி செல்ல வழியும் இருந்தாற் போதும். காட்டுக்கும் அதனால் பெருங்கேடு நேராது. காட்சி காணச் செல்வோர் வண்டி மிதித்தோ நடந்தோ செல்லட்டும். புறப்படுமுன் பாதையின் நிலையை விசாரித்தறிதலும் நன்று.

மறுநாள் திரும்பும்போது ஏற்றத்தில் வண்டிகளை உருட்டியே சென்றோம். வழியிற் புரண்டு கிடந்த கற்கள் சிலவற்றை நாமும் குனிந்து எடுத்து ஓரத்தில் வைத்தோம். நண்பர் ஒன்றும் பேசவில்லை; நாமும் பேசவில்லை.